ரயில் தடம் வேண்டாம், ஊர்ச்சாலை போதும்: வாடகை சைக்கிளும் கூடாரமுமாக நான்கு நாள்

மதுரையில் ஒரு வாடகை சைக்கிள் கடையில் இரண்டு சைக்கிள், ஒரு கூடாரம், பைகள், அடுப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நானும் தம்பியும் ஜனவரி கடைசி வாரத்தில் நான்கு நாள் சுற்றிவிட்டு வந்தோம். கடையின் பெயரை இங்கே போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அண்ணன் ஒருவர் ஒற்றை ஆளாக நடத்துகிற கடை, ஒரு பையின் கொக்கிக்காக அவர் பிழைப்பில் கை வைக்க எனக்கு மனமில்லை.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் ஒன்றுக்கு நாளைக்கு 450 ரூபாய். கூடாரம், இரண்டு பாய், அடுப்பு, பைகள் எல்லாம் சேர்த்து நான்கு நாளுக்கு 1,400. ஆக இருவருக்கும் 5,000. முன்பணம் 6,000 கட்டினோம், அது அப்படியே திரும்பக் கிடைத்துவிட்டது. சாப்பாடு, டீ, இளநீர் என்று வழியில் செலவானது இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. படுக்க இடம் கொடுத்தவர்கள் யாரும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. மொத்தம் ஓடிய தூரம் சுமார் 150 கிலோமீட்டர், அதாவது நாளைக்கு நாற்பதுக்கும் குறைவு. சுமை ஏற்றிய சைக்கிளுக்கு அது சரியான அளவு.

எந்த வழியில் போவது என்பதில்தான் எனக்கும் கடைக்கார அண்ணனுக்கும் முதலில் ஒத்துவரவில்லை. என் மனதில் இருந்தது ரயில் தடம். தம்பி அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் வேலை பார்க்கிறான். 2023 செப்டம்பரில் அங்கே போயிருந்தபோது கிரேட் அலெகெனி பாசேஜ் என்ற தடத்தில் கம்பர்லேண்டிலிருந்து பிட்ஸ்பர்க் வரை இருவரும் கூடாரத்தோடு ஓட்டினோம். ரயில் ஓடுவது நின்றுபோன பாதைகளில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, சுண்ணாம்புக்கல்லைப் பொடித்துப் பரப்பி, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டிருக்கிறார்கள். 150 மைல், நம் கணக்கில் 240 கிலோமீட்டர். வழி முழுக்க ஒரு காரும் லாரியும் உள்ளே வராது. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பிக் சாவேஜ் குகைப்பாதைக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு போய் மறுபக்கம் வெளிச்சத்துக்கு வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஊருக்குத் திரும்பியதிலிருந்து, இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் போடி ரயில் பாதையை ஒட்டியே ஒரு வழி பிடித்து ஓட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அண்ணன் வரைபடத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "தங்கச்சி, ரயிலு போற வழியில ஊரு இருக்காது, டேசன்தான் இருக்கும். நீங்க ராத்திரி எங்கயாச்சும் படுக்கணும், தண்ணி வாங்கணும், நாலு சனத்தப் பாக்கணும். அங்கிட்டு எதுக்குப் போறீங்க? ஆத்தோரமா ஏறுங்க, ஊரு ஊரா வரும்" என்றார். எனக்கு அப்போது கொஞ்சம் கோபம்தான். நான்கு நாள் கழித்து வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

அமெரிக்கத் தடத்தைக் குறை சொல்ல எனக்கு ஆசையில்லை. சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும், புதிதாக ஓட்டுகிறவர்களுக்கும், வண்டிச் சத்தத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது. முகாம் போடத் தனி இடம், கானல்ஸ்வில்லில் படுக்க மரக்குடில்கூட உண்டு. ஆனால் மூன்றாம் நாள் என்ன ஆனது என்றால், எனக்கு எந்த இடமும் நினைவில் தங்கவில்லை. இரண்டு பக்கமும் மரம், நடுவில் தடம், வளைவு தாண்டினால் மறுபடியும் அதே. காரணம் ரயில்தான். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் செங்குத்தாக ஏறாது, வழுக்கும். அதனால் மேடு வந்தால் வெட்டியிருப்பார்கள், பள்ளம் வந்தால் மண் கொட்டி உயர்த்தியிருப்பார்கள். சைக்கிளில் போகிற ஆளுக்கு இரண்டு பக்கமும் பாறைச் சுவர், இல்லாவிட்டால் ஊருக்கு மேலே உயரத்தில் ஒரு மண்கரை. கம்பர்லேண்டிலிருந்து சுமார் 38 கிலோமீட்டருக்கு ஏறிக்கொண்டே இருக்கிறது, மொத்தம் 540 மீட்டர் உயரம்தான், கண்ணுக்கு ஏற்றமாகவே தெரியாது, ஆனால் ஒரு நொடிகூட மிதிக்காமல் விட முடியாது. கால் வலிக்கவில்லை. ஒரே மாதிரி உட்கார்ந்து, ஒரே மாதிரி பிடித்து, ஒரே வேகத்தில் மிதித்ததில் உள்ளங்கை மரத்துப்போனது, இடுப்புக்குக் கீழே எரிச்சல். மழை பெய்த அன்று சுண்ணாம்புப்பொடி ஈரமாகி டயரைப் பிடித்து இழுத்தது. செயின் முழுக்க வெள்ளைப் பசை.

ஊர்ச்சாலையில் இந்த வலி வரவில்லை. ஒரு மேடு வந்தால் எழுந்து நின்று மிதிக்கிறோம், இறக்கத்தில் காலை நிறுத்திவிட்டுக் காற்று வாங்குகிறோம், வேகத்தடைக்கு எழுந்து கொடுக்கிறோம், ஆட்டுக்கு நிற்கிறோம். உடம்பு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. நான்கு நாளில் ஒருமுறைகூடக் கை மரக்கவில்லை.

நம் ஊரிலும் ஒரு காலத்தில் ரயில் தடம் மாதிரி ஒன்று இருந்தது. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடினார்கள். அகலப்பாதை வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அந்த நாளில் உசிலம்பட்டிப் பக்கம் தோழி வீட்டுக்குப் போயிருந்தபோது, தண்டவாளம் இல்லாமல் கிடந்த அந்த மேட்டில் அவள் அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏறிப் பார்த்தேன். சல்லிக்கல்லில் சக்கரம் புதைந்தது, அரை கிலோமீட்டருக்குள் சீமைக்கருவேல முள் இரண்டு டயரிலும் ஏறிவிட்டது. அத்தோடு இறங்கிவிட்டேன். இப்போது அதில் ரயிலே திரும்ப வந்துவிட்டது, 2022 மே மாதம் தேனிக்கு, 2023 ஜூனில் போடிக்கு. ரயில் பாதையில் ரயில் ஓடுவதுதான் முறை. அமெரிக்காவிலேயே 1983-இல் செய்த ஒரு சட்டத் திருத்தத்தின்படி, பின்னால் ரயிலுக்கு வேண்டுமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடுதான் பல பாதைகளைத் தடமாக விட்டிருக்கிறார்கள். அங்கே பல இடங்களில் ரயில் திரும்பவில்லை, போடிக்குத் திரும்பியது. எனக்கு இதில் சந்தோஷம்தான்.

சரி, நாங்கள் போன வழி. கோச்சடை, துவரிமான், கொடிமங்கலம் என்று வைகையின் தென்கரையைப் பிடித்து மேலக்கால் வரை. பாலத்தில் ஆற்றைத் தாண்டி திருவேடகம், சோழவந்தான். மறுபடி ஆற்றைத் தாண்டித் தென்கரை, முள்ளிப்பள்ளம், மன்னாடிமங்கலம், குருவித்துறை. சென்னைக்கும் திண்டுக்கல்லுக்கும் போகிற ரயிலில் சோழவந்தானை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். நடைமேடை, பெயர்ப்பலகை, தூரத்தில் தென்னை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சோழவந்தான். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை விளைகிற ஊர், ஆனால் ஒரு கொடிக்காலைக்கூட நான் பக்கத்தில் பார்த்ததில்லை. இந்த முறை சாலையிலிருந்து பத்தடி தூரத்தில் அகத்தி மரத்தில் கொடி ஏறி நிற்கிறது, உள்ளே ஒரு அம்மா வெற்றிலை கிள்ளிக்கொண்டிருக்கிறார். சைக்கிளை நிறுத்தியதும், "ஏ தாயி, எந்த ஊரு? இம்புட்டு மூட்டையக் கட்டிக்கிட்டு எங்க போறீக?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கையில் ஐந்தாறு வெற்றிலையைத் திணித்தார். உள்ளே நிழல், கால் வைத்தால் குளிர்ச்சி. தம்பி அந்தக் கொடிக்காலை விட்டு வெளியே வர அரை மணி நேரம் ஆனது. "அக்கா, அங்க அஞ்சு நாள்ல ஒருத்தர்கூட நம்மள எங்க போறீங்கன்னு கேக்கல" என்றான். அது அங்குள்ளவர்கள் குற்றமில்லை. தடத்தில் போகிற எல்லாரும் ஒரே இடத்துக்குத்தானே போகிறார்கள், கேட்க என்ன இருக்கிறது.

அறுவடை நேரம் என்பதால் சாலையில் பாதிக்கு நெல், மீதிப் பாதிக்கு வைக்கோல். வைக்கோல் மேல் ஓட்டாதீர்கள். பின்சக்கரத்துக் கியரில் சுற்றிக்கொண்டால் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டியிருக்கும், எங்களுக்கு ஒருமுறை அப்படி ஆனது. நெல் மேல் எந்தக் காரணத்துக்கும் ஓட்டாதீர்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் காய வைத்தவர்களே வழி ஒதுக்கிவிடுகிறார்கள்.

முதல் இரவு குருவித்துறைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்காரரிடம் அனுமதி கேட்டோம், தாராளமாகப் படுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மரத்தடியில் வேண்டாம் என்றார். தேங்காயும் மட்டையும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. களத்தில் போடச் சொன்னார். கூடாரம் கட்டிப் பழகியவர்களுக்கும் இது தோன்றாது, எனக்குத் தோன்றவில்லை. ராத்திரி நிஜமாகவே இரண்டு முறை தொப்பென்று சத்தம் கேட்டது.

மறுநாள் விக்கிரமங்கலம் வழியாக உசிலம்பட்டி, அங்கிருந்து எழுமலை. சின்னச் சின்ன ஏற்றங்கள் வந்தன. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்பது பல்சக்கரம் வைத்த வண்டி, இருப்பதிலேயே லேசான கியரில் சுமையோடு உட்கார்ந்தபடியே ஏறிவிட்டது. உசிலம்பட்டி ஊருக்குள் நெரிசல், அதை வேகமாகத் தாண்டிவிட்டோம். எழுமலைச் சாலையில் திரும்பியதும் மேற்கே மலை வரிசையாக எழுந்து நிற்கிறது. மண் சிவந்து, மரம் குறைந்து, மக்காச்சோளமும் பருத்தியும். ஒரு டவுன் பஸ் எங்களைத் தாண்டிப் போனது, அதே பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தது. நடுவில் நான்கைந்து மோட்டார் சைக்கிள். எனக்கு அமைதியான சாலை என்றால் இதுதான். மனிதர்கள் இருக்கிறார்கள், வண்டிகள் இல்லை.

அன்று இரவு அய்யனார் கோயில் ஒன்றின் முன்னால் வேப்ப மரத்தடி. பூசாரி ஐயா குழாயைக் காட்டினார், செருப்பைக் கழற்றும் எல்லை எது என்று காட்டினார், எல்லைக்கு வெளியே படுத்தோம். மூன்றாம் இரவு பேரையூர்ப் பக்கம் கரிசல் காட்டில் ஒரு பம்புசெட் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில். விடியற்காலையில் பம்புசெட்டுக்கார ஐயா எங்களுக்காகவே அரை மணி நேரம் மோட்டாரை ஓடவிட்டார். அந்தக் குளியலுக்காக மட்டும் இன்னொரு முறை போவேன். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: சாப்டூர் தாண்டி மலையடிவாரம் அழகாக இருக்கிறது என்று உள்ளே போய்க் கூடாரம் போடாதீர்கள். அந்த மலைக்காடு 2021-இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது, அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. காட்டை விட்டுத் தள்ளி, ஊருக்குப் பக்கத்தில், கேட்டுக்கொண்டு படுப்பதுதான் பாதுகாப்பு, மரியாதையும்கூட. கண்மாய்க் கரையிலும் வேண்டாம். தண்ணீர் பக்கத்தில் இருப்பது நமக்கு மட்டும் வசதியில்லை, பாம்புக்கும்தான்.

கடைசி நாள் தே.கல்லுப்பட்டியிலிருந்து திருமங்கலம் வரை பெரிய சாலையில் வந்தோம். இந்தச் சுற்றில் நாங்கள் செய்த ஒரே தவறு அது. லாரி ஒவ்வொன்றும் தாண்டும்போது காற்று வண்டியைத் தள்ளியது, தம்பிக்குப் பின்னாலேயே பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். நேரம் மிச்சமாகும் என்று நினைத்தோம், வீடு வந்து சேர்ந்தபோது அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் நான்கு நாள் களைப்பும் இருந்தது. அடுத்த முறை ஐந்தாவது நாள் ஒன்று சேர்த்தாலும் சரி, உள்வழியிலேயே வருவேன். வழி தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு ஒரு சுலபமான அடையாளம் உண்டு, மைல்கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு நிறம் என்றால் கிராமச் சாலை. நான் இனி ஆரஞ்சைத் தேடித்தான் போகப் போகிறேன். அப்புறம், நடுவில் வெள்ளைக் கோடு இல்லாத சாலை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் திரும்பலாம்.

இனி பொருட்களைப் பற்றி. சைக்கிள் இரண்டும் இரும்புச் சட்டம், 40 மி.மீ. அகல டயர். நல்ல பராமரிப்பு, பிரேக் கச்சிதம், நான்கு நாளில் ஒரு ஸ்போக்ஸ் கம்பிகூடத் தளரவில்லை. ஒல்லி டயரில் என் பழைய வண்டியை ஓட்டியிருந்தால் இந்தச் சாலைகளில் முதுகு போயிருக்கும். அண்ணன் பழைய ட்யூபை நீளமாக வெட்டி டயருக்குள் ஒரு பட்டையாக வைத்து அனுப்பியிருந்தார். எழுமலைப் பக்கம் சாலையோரம் முழுக்கக் கருவேல முள், ஆனாலும் இரண்டு வண்டிக்கும் சேர்த்து ஒரே ஒரு பங்சர். அந்தப் பட்டைக்கே பத்துக்குப் பத்து கொடுக்கலாம். பம்பும் ஒட்டும் சாமானும் கொடுத்தார், உபரி ட்யூப் கேட்டு வாங்குங்கள், தானாகக் கொடுக்க மாட்டார்.

கூடாரம் இருவருக்குப் போதும், மூட்டையையும் உள்ளே வைத்தால் நெருக்கம். குறை ஆணிகளில். மெல்லிய அலுமினிய ஆணி, எழுமலைச் சரளை மண்ணில் மூன்று வளைந்துவிட்டன. கரிசலில் வேறு கதை, வெடிப்பு விட்ட மண்ணில் ஆணி நிற்கவே இல்லை. இரண்டு இடத்திலும் கல்லைக் கட்டித்தான் சமாளித்தோம். தைப்பனி வேறு, காலையில் கூடாரத்தின் உள்பக்கம் சொட்டச் சொட்ட ஈரம். இரண்டு பக்க ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வைத்துப் படுத்தால் குறைகிறது, மூன்றாம் இரவில்தான் கண்டுபிடித்தோம்.

பெரிய குறை கேரியரில் மாட்டும் பக்கப் பைகள். துணியும் தையலும் பலம், மழைக்கும் தாங்கும் என்று தோன்றுகிறது, ஆனால் மாட்டும் பிளாஸ்டிக் கொக்கி ஒன்று பல் தேய்ந்திருந்தது. விக்கிரமங்கலம் தாண்டி ஒரு வேகத்தடையில் பை கழன்று சாலையில் விழுந்தது. பின்னால் வண்டி ஏதும் வரவில்லை. இதுவே பெரிய சாலையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. பக்கத்து டீக்கடை அண்ணன் சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து இறுக்கிக் கட்டிக் கொடுத்தார், மதுரை வரை அது அவிழவில்லை. எடுக்கும்போது நான்கு கொக்கிகளையும் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு எடுங்கள். நாங்கள் பார்க்காதது எங்கள் தப்பு, தேய்ந்ததைக் கொடுத்தது கடையின் தப்பு.

அடுப்பை நாங்கள் மூன்று முறைதான் பற்ற வைத்தோம். ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை வருகிற ஊரில் அரிசி பருப்பைச் சுமந்துகொண்டு போக அவசியமே இல்லை. காலையில் இட்லி அல்லது பணியாரம், பதினொரு மணிக்கு வடை, மதியம் கிடைக்கிற இடத்தில் சாப்பாடு, ராத்திரிக்கு இரண்டு பரோட்டா பொட்டலம். அமெரிக்காவில் நாங்கள் ஆளுக்கு நான்கு கிலோ சாப்பாட்டுச் சுமையோடு கிளம்பினோம், இங்கே பையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வண்டியின் எடையில் அந்த வித்தியாசம் முதல் ஏற்றத்திலேயே காலுக்குத் தெரிந்துவிட்டது.

நாய்களைப் பற்றிக் கேட்பார்கள் என்று தெரியும். துரத்தும். இறங்கி நின்று, சைக்கிளை நமக்கும் அதற்கும் நடுவில் வைத்து, மெல்ல நடந்தால் பத்தடியில் விட்டுவிடும். வேகமாக மிதித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது கொக்கியையும் வளைந்த ஆணிகளையும் அண்ணன் முன்னால் வைத்தேன். ஆணிக்குக் காசு பிடிக்கவில்லை. கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இது நான் பாத்திருக்கணும் தங்கச்சி" என்று சொல்லி, அங்கேயே அதைக் கழற்றி வீசிவிட்டு, மற்ற பைகளையும் ஒவ்வொன்றாக இறக்கி இழுத்துப் பார்க்கத் தொடங்கினார். சரளைக்கு இரும்பு ஆணி வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாசி கடைசி வரை ஓட்டலாம், பங்குனி வெயிலில் பத்து மணிக்கு மேல் சாலையில் நிற்க முடியாது. பொங்கலை ஒட்டிய மூன்று நாளில் அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் ஜல்லிக்கட்டுக் கூட்டம் இருக்கும் என்பதால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். தம்பி அடுத்த தைக்கும் வருகிறானாம். அழகர்கோயில், கள்ளந்திரி, அரிட்டாபட்டி வழியாக மேலூர் சுற்றுக்கு இதே இரண்டு வண்டிகளை இப்போதே சொல்லி வைத்துவிட்டு வந்திருக்கிறோம்.